முகூர்த்த நாள் மாத்திரை

வாடகைப் பாத்திரக் கடை வைத்திருப்பவன் முகம் சுளிக்கக் கூடாது. கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் மண்டபத்துப் பின்கட்டில் அண்டாக்கள் கிடக்கிற கிடையை நீங்கள் இரண்டு பேரும் பார்த்திருக்கிறீர்கள். பாயசம் புளித்து நுரை கட்டியிருக்கும். சாம்பார் அண்டாவுக்குள் யாரோ கை கழுவிவிட்டுப் போயிருப்பார்கள். அதற்குள் பாதி உடம்பை விட்டுத்தான் தேய்க்க வேண்டும். அப்பாவுக்கு மூக்கே கிடையாது என்று சின்ன வயதில் என்னைக் கேலி செய்வீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எனக்குக் குமட்டியது ஒரு காலேஜில். வாசனைத் தண்ணீர் போட்டுத் துடைத்த தரை, வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகள், எங்கும் ஒரு தூசி கிடையாது. அங்கே நின்றுதான் எனக்கு அடிவயிற்றிலிருந்து அருவருப்பு கிளம்பி வந்தது. போன லீவில் வந்தபோது, அம்மா முகம் ஏன் இப்படி வற்றிப்போச்சு, நீங்க ஏன் பாத்திரத்தை எல்லாம் தள்ளிவிட்டீர்கள் என்று கேட்டீர்கள். எனக்குப் போனில் கோவையாகச் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் அம்மா கையில் வந்திருப்பது முடக்குவாதம். நம்ம பக்கம் சரவாங்கி என்பார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் எனக்கும் புரிகிற மாதிரி சொன்னார். உடம்புக்குக் காவல் இருக்க வேண்டிய சக்தியே திசை மாறி மூட்டுகளைத் தின்கிறதாம். வாரத்தில் ஒரே ஒரு நாள் போடுகிற மஞ்சள் மாத்திரையும், அதற்குத் துணையாக ஒரு வைட்டமினும் கொடுத்தார். பலன் தெரிய ஒன்றிரண்டு மாதம் ஆகும், விடாமல் போடணும், விட்டால் விரல்கள் கோணிக்கொள்ளும், பிறகு நிமிராது என்றார். என் பயம் அதுதான். அம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது. அந்த விரல்கள் அப்படியே மடங்கி நின்றுவிடக் கூடாது.

மாத்திரையை வாங்கிவந்து சாமி அலமாரியில் வைத்தோம். கொஞ்ச நாளில் அம்மா தெளிந்துவிட்டாள். பழையபடி அண்டா தூக்கினாள். முகம் உருண்டு, கன்னம் பூரித்து, பார்க்கவே வேறு ஆளாக இருந்தாள். நாச்சியாபுரத்து அத்தை வந்தவள் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "ஏத்தா, இப்பத்தான் எங்க வீட்டு மருமக மாதிரி இருக்க. சதை போட்டு அம்புட்டு லட்சணம்." எனக்கும் சந்தோஷம். ஆஸ்பத்திரி மாத்திரை வேலை செய்கிறது என்று அந்த டாக்டரை மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் மருந்தாளுநர் படிப்புச் சொல்லித்தருகிற காலேஜிலிருந்து ஒரு மேடம் நம்ம கடைக்கு வந்தார். வயது முப்பதுக்குள் இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டும் என்றார். காலேஜில் பெஞ்சு இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது, எல்லாம் தரையோடு போல்ட் அடித்து முறுக்கியிருக்கிறது, அவருக்கு வேண்டியது வட்டம் வட்டமாக உட்காருகிற வகுப்பு என்றார். அவர் பேசிக்கொண்டே போக, பிள்ளைகள் எழுதிக்கொண்டே இருந்தால் படித்தது பரீட்சை வரைக்கும்தான் தாங்குகிறதாம். அதனால் ஒரு நோயாளியை நடுவில் உட்காரவைத்து, பிள்ளைகளையே கேட்கவைத்து, அவர்களையே யோசிக்கவைத்து, தப்புச் செய்தால் அங்கேயே திருத்துகிற மாதிரி ஒரு பாடம். செயல்வழி என்று ஒரு பேர் சொன்னார். என்ன நோய் என்று கேட்டேன். முடக்குவாதம் என்றார்.

நம்ம வீட்டிலேயே இருக்கிறதே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மேடம் உடனே வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நேரில் கேட்டார். வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும், தைலம் முதல் பொடி வரை, ஒன்று விடாமல் ஒரு பையில் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். பிள்ளைகள் பையைப் பிரித்துப் பார்த்துத்தான் படிக்க வேண்டுமாம். அம்மா முதலில் மாட்டேன் என்றாள். "நாலு பிள்ளைக படிக்கும்னா வாரேன். ஆனா எனக்குப் பேச வராது" என்று அப்புறம் ஒத்துக்கொண்டாள்.

அந்தக் காலையில் நான் போய் நாற்காலிகளை வட்டம் வட்டமாகப் போட்டேன். அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டி, மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாடம் ஆரம்பிக்கவில்லை. பேனர் வரவேண்டியிருந்தது. பேனர் வந்தது. காலேஜ் முதல்வர் வர வேண்டியிருந்தது. அவரும் வந்தார். அம்மா பக்கத்தில் நின்று, அவள் கையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, வீங்கின விரல் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டார். அது சரியாக விழவில்லை, இன்னொன்று என்றார்கள். அம்மா மறுபடியும் கையைத் தூக்கினாள். அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் முதல்வர் போய்விட்டார். வாங்க என்றோ போயிட்டு வாரேன் என்றோ ஒன்றும் கிடையாது. கண்காட்சியில் விலை கேட்காமல் போகிற ஆள் கூட அந்தப் பொருளை ஒரு தரம் திரும்பிப் பார்ப்பான்.

அப்புறம் ஒரு நாடகம். பிள்ளைகள் தாங்களே தயார் பண்ணியது. நல்ல வாட்டசாட்டமான ஒரு பையன், மருந்துக்கடைக்காரர் ஒருத்தரின் மகன் என்று பின்னால் தெரிந்தது, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு முடக்குவாதக்காரியாக வந்தான். முதுகைக் கூனிக்கொண்டு, காலை இழுத்துக்கொண்டு, விரல்களைக் கோழிக்கால் மாதிரி வளைத்துக்கொண்டு, ஐயோ அம்மா என்று முனகினான். தண்ணீர் டம்ளரைத் தூக்குகிற மாதிரி தூக்கி வேண்டுமென்றே கீழே போட்டான். எல்லா வட்டமும் சிரித்தது. ஒருத்தி செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது, இன்னொரு டம்ளரை எடுத்தான்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகளா, சாக்கடையில் கையை விட்டு அடைப்பு எடுத்திருக்கிறேன். செத்த எலி கிடந்த தவலையைக் கழுவியிருக்கிறேன். அந்தச் சிரிப்பைக் கேட்டு வந்த குமட்டல் எனக்கு எதிலும் வந்ததில்லை. எழுந்து நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டேன். உட்கார்ந்திருந்தவர்களையும் எழுப்பியிருப்பேன். மேடம் ஓடிவந்து என் கையைப் பிடிக்காத குறையாகக் கும்பிட்டார். பிறகு அந்தப் பையனைத் திட்டவில்லை. துண்டை எடுக்கச் சொல்லி, அம்மாவுக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு, "நீ நடிச்சதை இவங்க செய்யிறாங்களான்னு பாத்துட்டு வந்து சொல்லு" என்று உட்காரவைத்தார்.

அவன் உட்கார்ந்தான். கண்ணைப் பார்க்கவில்லை. மனப்பாடம் பண்ணியது மட்டும் கடகடவென்று வந்தது.

"ஆண்டி, உங்க மருந்தை நீங்க ரெகுலரா எடுக்கணும். மூட்டுக்கு வேலை குடுக்கக் கூடாது. கனமான பொருள் தூக்கக் கூடாது. நல்லா ரெஸ்ட் எடுக்கணும்."

"சரி தம்பி. முகூர்த்தம் அன்னைக்கு அண்டாவை நீ வந்து கழுவுறியா?"

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை அவனைப் பார்த்து. அவனும் அசட்டுத்தனமாகச் சிரித்தான். மேடம் சிரிக்கவில்லை. அவர் பையனிடம், இவர் ரெஸ்ட் எடுக்க முடியாது, இப்போது நீ என்ன சொல்வாய் என்று கேட்டார். பக்கத்து வட்டத்திலிருந்து ஒரு பெண் பிள்ளை எழுந்து வந்து அம்மா காலடியில் தரையில் உட்கார்ந்து, காலையில் எழுந்ததும் விரல் இறுகிக் கிடக்குமா, எவ்வளவு நேரத்தில் இளகும், எந்த வேலையில் அதிகம் நோகும் என்று ஒன்றொன்றாகக் கேட்டாள். அவளுக்கு அம்மா ஒளிக்காமல் சொன்னாள். கடைசியில் அந்தப் பெண் பையைப் பிரிக்கலாமா என்று கேட்டாள்.

மஞ்சப்பையை ஒரு மேஜையின் மேல் கவிழ்த்தார்கள். பிள்ளையார்பட்டி விபூதிப் பொட்டலம், தைலக் குப்பி, காய்ந்த எலுமிச்சம்பழம். அப்புறம் ஆஸ்பத்திரி மஞ்சள் மாத்திரை. அட்டை அட்டையாக, ஓர் அட்டையில் இரண்டு மட்டும் பிரித்து, மற்றதெல்லாம் அப்படியே. அதற்குப் பின்னால் மூலையில் கொஞ்சம், அடியில் கொஞ்சம் என்று தினக்காலண்டர் தாளில் முக்கோணமாக மடித்த பொட்டலங்கள் விழுந்துகொண்டே இருந்தன. சிலது ஈரம் பட்டு உள்ளே மாத்திரை கரைந்து, தாளெல்லாம் கறை ஊறியிருந்தது.

அந்தப் பொட்டலம் உங்களுக்கும் தெரியும். எங்கள் தொழிலில் அதற்குச் செட் என்று பேர். முகூர்த்த நாள் விடிகாலையில் சமையல் ஆட்கள், பந்தல் ஆட்கள், பாத்திரம் தேய்க்கிற பெண்கள் எல்லாரும் முதல் காபியோடு ஆளுக்கு ஒரு செட் போட்டுக்கொள்வார்கள். பால், சர்க்கரை, காபித்தூளோடு சேர்த்துச் சமையல் மேஸ்திரியே வாங்கி வந்துவிடுவார். சீட்டு எதுவும் வேண்டாம். இடுப்புவலி, கைவலிக்கு ஒரு செட் என்றால் போதும், மருந்துக்கடைக்காரர் நாலு விதத்தை ஒன்றாகப் போட்டு மடித்துக் கொடுப்பார். தை மாதத்திலும் ஆவணியிலும் முன்கூட்டியே மடித்து டப்பாவில் வைத்திருப்பார். முகூர்த்த நாளுக்கு மட்டும்தான் அம்மா போடுகிறாள் என்று நான் நினைத்திருந்தேன். அவள் தினமும் போட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரி மாத்திரையை முதல் இரண்டு வாரத்துக்குப் பிறகு தொடவே இல்லை.

ஏன் என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

"அதைப் போட்டா ஒண்ணும் தெரியலை பாப்பா. வயித்தைப் பெரட்டுது, வலி அப்படியே இருக்கு. இது காபி குடிச்சு முடிக்குமுன்னே கையைத் திறந்துவிட்டுரும்."

நாடகம் போட்ட பையன் ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றான். பிரிக்கவில்லை. மடிப்பின் ஓரத்தையே பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தான். என்னடா என்று மேடம் கேட்டார்.

"மேடம், இது எங்க கடை. அப்பாதான் இப்படி மடிப்பாக."

அவனை ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அப்படியானால் உள்ளே இருப்பது என்ன என்று உனக்குத் தெரியுமே, நண்பர்களுக்குச் சொல் என்று மட்டும்தான் மேடம் சொன்னார். அவன் பிரித்து, ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்துச் சொன்னான். ஒன்று வலி மாத்திரை, ஒன்று வயிற்றெரிச்சலுக்கு, ஒன்று சளி மாத்திரை, அது தூக்கத்துக்கு. கடைசியாகச் சின்னதாக வெள்ளையாக ஒன்று. அதற்கு ஸ்டீராய்டு என்று சொல்லும்போது அவன் குரல் இறங்கிவிட்டது.

மேடம் பலகையில் எதுவும் எழுதவில்லை. இதைத் தினமும் மாசக்கணக்கில் போட்டால் உடம்பில் என்ன தெரியும், வட்டத்துக்குள் பேசி முடிவு செய்யுங்கள் என்றார். பிள்ளைகள் தலையைச் சேர்த்துக்கொண்டு குசுகுசுத்தார்கள். ஒரு வட்டம் சர்க்கரை ஏறும் என்றது. ஒரு வட்டம் எலும்பு தேயும், தோல் மெலியும் என்றது. ஒருத்தன் முகம் நிலா மாதிரி உருண்டு வீங்கும் என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். எல்லாரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நாச்சியாபுரத்து அத்தை வழித்து நெட்டி முறித்த கன்னம். சொந்தக்காரர் எல்லாம் லட்சணம் என்று சொன்ன முகம். மருந்தால் ஊதிப்போய் இருந்திருக்கிறது. அதைப் பார்த்து நான் சாமி கும்பிட்டிருக்கிறேன்.

பொட்டலங்களை இரண்டு கையாலும் வாரினேன். வெளியே கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அதில் கொட்டித் தண்ணீர் ஊற்றினால்தான் என் நெஞ்சு ஆறும்போல இருந்தது. அந்தப் பையன்தான் வழியை மறித்தான்.

"கொட்டிராதீக சார். திடீர்னு நிறுத்தக் கூடாது. இம்புட்டு நாள் ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்ததால உடம்பு தானா சுரக்கிறதைக் கொறைச்சிருக்கும். ஒரேயடியா விட்டா மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து. டாக்டர்கிட்ட காட்டிக் கொஞ்சங் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் டம்ளரைக் கீழே போட்ட அதே கை என் முன்னால் நீண்டிருந்தது. தட்டிவிடத்தான் தோன்றியது. மேடம் அவன் சொல்வது சரி என்று தலையசைத்தார். எது எனக்கு நாறுகிறதோ அதையே திரும்பப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

மிச்ச நேரமும் அந்தப் பிள்ளைகள் விடவில்லை. மஞ்சள் மாத்திரையை ஏன் வாரம் ஒருநாள் மட்டும், தினமும் போட்டால் ரத்த அணு குறைந்து எவ்வளவு பெரிய ஆபத்து என்று அம்மாவுக்குப் புரியவைக்கிறது அவர்கள் பாடம். சொன்னால் மட்டும் போதாது, நோயாளி அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் சொன்னவன் தோற்றான் என்று மேடம் வைத்திருந்தார். எந்தக் கிழமை என்பதிலேயே தகராறு. செவ்வாய் வெள்ளியில் மருந்து தொடங்க மாட்டேன் என்றாள் அம்மா. ஞாயிறு பெரும்பாலும் முகூர்த்தம். புதன் என்று முடிவானது. அப்புறம் அவள் ஒவ்வொரு வட்டத்துக்கும் போய்த் திருப்பிச் சொன்னாள். கடைசி வட்டத்தில் அவளே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டாள்: புதன் மறந்துபோனால் வியாழன் ரெண்டாப் போடலாமா? கூடவே கூடாது என்று எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அந்த வெள்ளை மாத்திரையை மட்டும் தனியாக எழுதிக்கொடுத்து, எப்போது எவ்வளவு குறைக்க வேண்டும் என்று சொன்னார். மஞ்சள் மாத்திரைக்கு ரத்தப் பரிசோதனையும் உண்டு. காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வெள்ளையை அவள் கையில் வைக்கிறது என் வேலை. கையில் வைக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

நடுவில் ஒரு நாள் அந்த மருந்துக்கடைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். மகன் சொல்லியிருக்க வேண்டும், என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். காலண்டர் தாளைக் கிழித்துக் கிழித்து மடித்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் வரிசையாக முகூர்த்தம்.

"உக்காருங்கண்ணே. நான் குடுக்கலேன்னா பஸ் ஸ்டாண்டு கடையில வாங்குவாக. அந்தப் பாவம் அவனுக்குப் போகும், அம்புட்டுத்தான் வித்தியாசம். வலின்னு வந்து நிக்கிறவகளை வெறுங்கையோட அனுப்பச் சொல்றீகளா?"

பேசிக்கொண்டே எச்சில் தொட்டு மடிப்பை அழுத்தினார். அந்த எச்சில் விரலைப் பார்த்தேன். ஸ்டூலில் உட்காராமல் வந்துவிட்டேன். மகன் இப்போது கடையில் உட்காருவதில்லை என்கிறார்கள். வெட்கமா, பரீட்சையா, சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் மோசம். வெள்ளை குறையக் குறைய வலி திரும்பி வந்தது. மஞ்சள் இன்னும் வேலையை ஆரம்பிக்கவில்லை. தலைசீவ அம்மாவால் சீப்பைப் பிடிக்க முடியாது, நான் சீவிவிட்டால் கோணல் வகிடு. ஒரு செட், ஒரே ஒரு செட் என்று ஒரு காலையில் அழுதாள். நான் அண்டாக்களையும் தவலைகளையும் மொத்தமாகத் திருப்பத்தூர்ப் பாத்திரக் கடைக்காரர் ஒருத்தருக்கு விலைக்குத் தள்ளிவிட்டேன். நாற்காலி, மேஜை, பந்தல் சாமான் மட்டும் வைத்துக்கொண்டேன். கழுவ ஒன்றும் இல்லை என்றான பிறகுதான் அவள் செட் கேட்பது நின்றது.

காலேஜுக்கு மறுபடியும் நாற்காலி கொடுத்தேன். மேடம் இப்போது முதலில் நாடகம் வைப்பதில்லை. ஆனால் ஆபீஸ் சுவரில் அந்தப் போட்டோவைப் பெரிதாகப் போட்டு மாட்டியிருக்கிறார்கள். முதல்வர், பேனர், ஊதின முகத்தோடு கையைத் தூக்கி நிற்கிற உங்கள் அம்மா. கழற்றச் சொல்லிக் கேட்டேன். இன்ஸ்பெக்ஷன் முடியட்டும் என்றார்கள்.

விரல்கள் இப்போது மடங்குகின்றன, நிமிர்கின்றன. காலையில் கொஞ்ச நேரம் இறுக்கம், அவ்வளவுதான். பழைய கோணல் இரண்டு விரலில் நின்றுவிட்டது, அது போகாது என்றார் டாக்டர். புதிதாக எதுவும் கோணவில்லை.

போன மாதம் நாச்சியாபுரத்தில் ஒரு கல்யாணம். விடிகாலையில் மண்டபத்துப் பின்கட்டில் அம்மாவைப் பார்த்ததும் அத்தை அத்தனை பேர் முன்னால் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னத்தா இது, உருக்குலைஞ்சு போயிட்ட? என் தம்பி சோறு போடலையா? அன்னைக்கு எம்புட்டு லட்சணமா இருந்த." நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே முதல் காபி போய்க்கொண்டிருந்தது. சமையல் மேஸ்திரி காலண்டர் தாள் பொட்டலங்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். பழைய பழக்கத்தில் அம்மாவுக்கும் ஒன்று நீட்டினார்.

அம்மா அதை வாங்கி, அத்தை கையைப் பிரித்து அதில் வைத்தாள்.

"அண்ணி, நீங்க பாத்த லட்சணம் இதுக்குள்ள இருக்கு. வேணும்னா நீங்க போட்டுக்கங்க. என் மூஞ்சி இதுதான்."

அத்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அம்மா தண்ணீர்ச் சொம்பை ஒரே கையால் தூக்கிக் குடித்துவிட்டு, பாத்திரம் தேய்க்க உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கம் போனாள். வாயில் போடப்போன ஒருத்தியைப் பிடித்து நிறுத்தி, தினமும் போடுகிறாயா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். போடுகிறாய் என்றால் இன்றைக்கே நிறுத்திவிடாதே, நாளைக்கு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வா என்றாள். பிறகு, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லு என்று அவள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.